யன்னலைத் திறந்தது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தலைமைத்துவத்தையும் முகாமைத்துவத்தையும் கற்பிக்கும் வகுப்பறைகளில் கதைசொல்லலுக்கு உள்ள இடம் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். கதையை யார் சொல்கிறார், அதில் யாருடைய உழைப்பு விடுபட்டிருக்கிறது என்று பெண்ணிலைவாத நோக்கில் மீளச் சிந்திக்கும்போதே அது கல்வியாகிறது என்பது அக்குறிப்பின் சாரம். அதற்கு வந்த கடிதங்களுள் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அதற்கான காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம். முகாமைத்துவ டிப்ளோமா வகுப்புக்குத் தலைமைத்துவம் என்ற பாடத்தைக் கற்பித்து வருகிறேன். கோட்பாடுகளை விளங்கப்படுத்தும்போது சோர்ந்திருக்கும் மாணவர்கள், கதையொன்றைத் தொடங்கினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் கதை முடிந்ததும் “நல்ல கதை” என்பதற்கு அப்பால் பேச்சு நகர்வதில்லை. இந்த இடத்தில் நீங்கள் சொல்லும் மீள்சிந்தனையைக் கொண்டுவருவது எப்படி? அதற்குப் புள்ளி இடுவது எப்படி?
– வருகைநிலை விரிவுரையாளர், கொக்குவில்

பதில்: கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று நாம் கேட்பதுதான் பேச்சு நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம். அப்படிக் கேட்டால், சிறுவயது முதல் பழகியபடி மாணவர்கள் ஒரு படிப்பினையைச் சொல்லிவிட்டுக் கொப்பியை மூடிவிடுவார்கள். அந்தக் கேள்வி கதையை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறதே தவிர, ஆராயச் சொல்வதில்லை. அதை விட்டுவிட்டு, ஒரே கதையின் இரண்டு வடிவங்களை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மேரி பார்க்கர் ஃபொலற் சொன்ன ஒரு சிறு சம்பவத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. 1868இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்து 1933இல் மறைந்த இவர், பொஸ்ரன் நகரில் மாலைநேரச் சமூக நிலையங்களை உருவாக்கி நடத்திய அனுபவத்தோடு, 1920களில் வணிக நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு விரிவுரைகள் நிகழ்த்தியவர். முரண்பாடுகளைப் பற்றி 1925இல் ஆற்றிய விரிவுரையில் அவர் தமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறார். ஹார்வாட் நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவர் யன்னலைத் திறந்துவைக்க விரும்பினார். அதை மூடிவைக்க ஃபொலற் விரும்பினார். இருவருமாகச் சேர்ந்து, ஒருவரும் இல்லாத பக்கத்து அறையின் யன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்கு வேண்டியிருந்தது அறைக்குள் காற்று. ஃபொலற்றுக்கு வேண்டியிருந்தது வாடைக்காற்று நேரே தம்மேல் அடிக்காமல் இருப்பது. ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவும் இல்லை, ஆளுக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. ஒருவர்மீது ஒருவர் செலுத்தும் அதிகாரத்திலிருந்து வேறான, சேர்ந்து செயற்படுவதால் பிறக்கும் அதிகாரம் ஒன்று உண்டு என்ற தமது கருத்தின் அடியில் ஃபொலற் இவ்வாறான அனுபவங்களையே வைத்தார்.

இதே சம்பவம், உலகெங்கும் பரவலாக வாசிக்கப்பட்ட, 1981இல் வெளிவந்த பேச்சுவார்த்தைக் கைந்நூல் ஒன்றில் மீண்டும் வருகிறது. அங்கே இரண்டு ஆண்கள் நூலகத்தில் சண்டையிடுகிறார்கள். நூலகப் பொறுப்பாளரான பெண் வருகிறார். ஏன் திறக்க வேண்டும் என்று ஒருவரையும், ஏன் மூட வேண்டும் என்று மற்றவரையும் கேட்கிறார். சற்று யோசித்துவிட்டுப் பக்கத்து அறையின் யன்னலைத் தாமே திறந்துவிடுகிறார்.

இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, எது மாறியது என்று மட்டும் கேளுங்கள். “இரண்டும் ஒன்றுதானே” என்று சொல்பவர்கள் இருப்பார்கள், அவசரப்பட வேண்டாம். தன் வாயால் தன் அனுபவத்தைச் சொன்ன பெண் இரண்டாவது வடிவத்தில் இல்லை என்பதை யாராவது ஒருவர் கவனிப்பார். பிணக்கில் ஒரு தரப்பாக இருந்தவர், மற்றவர்களின் பிணக்கைத் தீர்த்துவைக்கும் பணியாளராக வந்து நிற்பதை இன்னொருவர் காண்பார். இவற்றிலும் முக்கியமான மாற்றம் ஒன்று இருக்கிறது: முதல் வடிவத்தில் பிணக்குப்பட்டவர்களே வழியைக் கண்டுபிடித்தார்கள், இரண்டாவதில் அதற்கு வெளியிலிருந்து ஒரு மூன்றாமவர் தேவைப்படுகிறார். பேச்சுவார்த்தை பற்றிய நூலுக்கு அந்த மூன்றாமவர் பயன்பட்டிருக்கலாம். அதை எழுதியவர்கள்மேல் பழி சுமத்த வேண்டியதில்லை. ஆனால் ஃபொலற் சொல்லவந்த கருத்து, ஆட்களை மாற்றியதும் கதையிலிருந்து நழுவிவிட்டது. தலைமைத்துவத்தைப் பற்றிய நமது எதிர்பார்ப்புகள் கதையின் கட்டமைப்பிலேயே எப்படி ஒளிந்திருக்கின்றன என்பதை இதைக்காட்டிலும் சுருக்கமாக விளங்கப்படுத்த என்னால் முடியாது.

அதன்பின் மாணவர்களின் சொந்த இடங்களுக்கு வாருங்கள். தாங்கள் நேரில் கண்ட ஒரு வேலைத்தலப் பிணக்கையோ, பொதுக்காரியம் ஒன்று ஒழுங்குசெய்யப்பட்ட விதத்தையோ ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில், முதல் வடிவத்தில் வாய் திறக்காத ஒருவரின் நிலையிலிருந்து அதையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவின் அன்னதானத்தைச் சிறப்பாக ஒழுங்குசெய்த உபயகாரரின் தலைமைத்துவத்தைப் பற்றி ஒரு மாணவர் எழுதியிருந்தால், விடியப்புறம் நான்கு மணி முதல் மரக்கறி வெட்டியவர்களில் ஒருவர் அதே நாளை எப்படிச் சொல்வார்? எத்தனை பேருக்குச் சமைப்பது என்று உண்மையில் கணித்தவர் யார், அரிசி போதாது என்பதை முதலில் அறிந்து ஆளை அனுப்பியவர் யார் என்பவை அப்போதுதான் எழுத்துக்கு வரும். திட்டமிடல், வளப்பங்கீடு, நெருக்கடி முகாமைத்துவம் என்று பாடநூல் அத்தியாயம் பிரித்துச் சொல்வன எல்லாம் அந்த அடுக்களையில் நடந்திருக்கும்.

புள்ளி இடுவதற்கு ஒரு வரையறை போதும். ஒருவர் அனுபவித்த துயரத்துக்கோ, அதை அவர் உருக்கமாகச் சொன்னதற்கோ புள்ளி இடாதீர்கள். முதல் வடிவம் காணாத எதை இரண்டாவது வடிவம் கண்டிருக்கிறது, அதைப் பாடத்தில் கற்ற எந்தக் கோட்பாட்டோடு சேர்த்தோ மோதவிட்டோ பார்த்திருக்கிறது என்பதற்கு இடுங்கள். மேலும், அமெரிக்கச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் கற்பித்தல் பற்றி 1994இல் எழுதியபோது, தாம் எடுக்கத் துணியாத ஓர் ஆபத்தை எடுக்கும்படி மாணவர்களிடம் தாம் எதிர்பார்ப்பதில்லை என்றார். ஆசிரியர் தம் வேலைவாழ்வின் ஒரு பக்கத்தை முதலில் மேசையில் வைக்கட்டும். மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். அதற்கு மனம் இடம் தராவிட்டால் இந்தப் பயிற்சியைத் தொடங்காதிருப்பதே நல்லது.

கேள்வி: வங்கியொன்றில் பணியாற்றிக்கொண்டே வியாபார நிருவாக முதுமாணிக் கற்கையைத் தொடர்கிறேன். வகுப்பில் பெண்ணிலைவாதம் என்ற பேச்சு எழுந்தாலே ஆண்கள் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் நிறுவனத்தில் பதவியுயர்வு விதிகள் இருபாலாருக்கும் ஒன்றே. பெண்கள் பலர் தாங்களாகவே பதவியுயர்வை வேண்டாம் என்கிறார்கள். இதில் முகாமைத்துவம் படிப்பவன் ஆராய என்ன இருக்கிறது?
– வங்கி உத்தியோகத்தர், சுன்னாகம்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வசனத்துக்கு முன்வசனமே விடை வைத்திருக்கிறது: விதி ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருப்பதை ஆராயாமல் முகாமைத்துவம் வேறெதை ஆராயும்? ஆனாலும் கூண்டு பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது. சில வகுப்புகளில் இந்த விவாதம் ஆட்களை நோக்கிப் பாய்ந்து, விதிகளைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க ஒரு கதை உதவும்.

அமெரிக்காவில் பெருநிறுவனமொன்றின் தலைவர், பல்கலைக்கழகம் நடத்திய மாநாட்டில், தமது நிறுவனம் பெண் ஊழியர்கள்மீது காட்டும் அக்கறைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொன்னார். புதிய உற்பத்திப் பொருளொன்றை அறிமுகப்படுத்தும் பணியில் மிக முக்கியமான இளம்பெண் ஒருவர், அந்த நிகழ்வுக்குத் தயாராக இருக்கும்பொருட்டுத் தமது சிசேரியன் சத்திரசிகிச்சையை முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொண்டாராம். அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியதாம். அவர் பார்ப்பதற்காக நிகழ்வைத் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கே கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்ததாம். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் மார்ட்டின் இந்தச் சில வரிக் கதையை எடுத்து, வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யார் “நாங்கள்”, யார் “அவர்”? தொலைக்காட்சி இணைப்பால் பயன் பெற்றவர் தாயா, நிறுவனமா? சத்திரசிகிச்சையின் திகதியை அவரே தீர்மானித்தார் என்றால், எந்த நெருக்குதலின் கீழ்? குழந்தை இந்தக் கதையில் எங்கே? இப்படிக் கேட்டுக்கொண்டே போகும் மார்ட்டின், ஓரிடத்தில் அந்தப் பெண்ணின் இடத்தில் ஓர் ஆணையும், மகப்பேற்றின் இடத்தில் இருதய மாற்றுவழிச் சத்திரசிகிச்சையையும் வைத்துக் கதையைத் திருப்பி எழுதிக் காட்டுகிறார். உடனே கதை விகாரமாகிவிடுகிறது. நேற்று இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரை அடுத்த வாரக் கூட்டத்தைப் பார்க்க வைப்பதை எந்த நிறுவனத் தலைவரும் மேடையில் பெருமையாகச் சொல்லமாட்டார்.

இங்கே அந்தத் தலைவர் கெட்டவர் என்று நிறுவத் தேவையே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் பேசினார். ஆராயப்பட்டது அவருடைய கதையின் ஒழுங்கு. அதே 1990இல் சமூகவியலாளர் ஜோன் அக்கர் எழுதிய கட்டுரை இதைக் கோட்பாடாக விளக்குகிறது. நிறுவனங்கள் “பதவி” என்று எழுதிவைப்பது, உடலும் குடும்பமும் பாலும் அற்ற ஒரு பொதுவான ஊழியருக்காக எழுதப்பட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த ஊழியர், முழுநேரமும் வேலைக்கே தம்மைக் கொடுக்கக்கூடிய, அவருடைய உணவையும் பிள்ளைகளையும் வேறொருவர் கவனித்துக்கொள்கின்ற ஓர் ஆண் என்பது அவரின் வாதம்.

இனி உங்கள் வங்கிக்கு வருவோம். பதவியுயர்வோடு மன்னாருக்கோ திருகோணமலைக்கோ கொழும்புக்கோ இடமாற்றம் வரும் என்பது விதி. விதியில் பால் பற்றிய சொல் ஒன்றுகூட இராது. ஆனால் அந்த இடமாற்றத்தை ஏற்று ஒருவர் திங்கள் விடியப்புறம் பேருந்து ஏறிப் போக வேண்டுமானால், வெள்ளி இரவு திரும்பி வரும்வரை பிள்ளையின் பாடசாலையையும் மாமியாரின் மருந்தையும் பார்க்க வீட்டில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். ஆண் உத்தியோகத்தர் பலருக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவரேகூட இன்னொரு வங்கியில் பதவியுயர்வை மறுத்தவராக இருக்கலாம். கோவையிலோ “விருப்பமில்லை” என்ற ஒரு சொல்தான் பதியப்படுகிறது. அந்தச் சொல்லின் பின்னாலுள்ள கதையை அவரே எழுதினால் எப்படியிருக்கும், அதே ஆண்டில் பதவியுயர்வை ஏற்றுக்கொண்ட ஆண் உத்தியோகத்தரின் மனைவி எழுதினால் எப்படியிருக்கும் என்று உங்கள் குழு இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். பிறகு விதியைத் திறந்து, மேல்பதவியின் எந்தக் கடமைக்கு அந்த ஊர்மாற்றம் உண்மையிலேயே தேவை, எது பழக்கத்தால் தொடர்கிறது என்று பிரித்துப் பாருங்கள். குற்றவாளிக் கூண்டு வெறுமையாகவே இருக்கும். மேசையில் ஒரு சுற்றறிக்கை இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திங்கள் பேருந்தில் போகும் தந்தைக்கும் ஒரு கதை உண்டு. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளைக் காணாமல் இருப்பதை அவர் தியாகம் என்றோ கடமை என்றோ சொல்லிப் பழகியிருப்பார். அதையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பெண்ணிலைவாத மீள்சிந்தனைக்கு அது அந்நியமான பொருளல்ல.

கேள்வி: எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் பல ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். தலைமைத்துவச் செயலமர்வு என்று கூப்பிடுவார்கள். போனால், “அம்மா, உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்பார்கள். கணவர் காணாமற்போனதைச் சொன்னால் அழுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். சங்கத்தின் சுழற்சிக் கடன் குழம்பிக் கிடந்ததை நாங்கள் எப்படி நேராக்கினோம் என்பதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் எழுதும் கதைசொல்லலும் இதுதானா?
– ஒரு வாசகி, வடமராட்சி கிழக்கு

பதில்: இல்லை, அம்மா. உங்கள் கடிதத்தை இந்தத் துறையில் கற்பிக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் வெளியிட்டிருக்கிறேன்.

போருக்குப் பின்னான ஆண்டுகளில் வடக்கில் “பெண் தலைமைத்துவக் குடும்பம்” என்ற பிரிவு எத்தனையோ படிவங்களில் இடம்பெற்றது. அந்தப் பிரிவுக்குள் வருபவர்களிடம் இழப்பைக் கேட்டவர்கள் பலர். அவர்கள் நடத்தும் காரியங்களின் நிருவாகத்தைக் கேட்டவர்கள் சிலர். இழப்பின் கதையைக் கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடலாம். கடன் கணக்கின் கதையைக் கேட்பவரோ உங்களிடம் படிக்க வேண்டியிருக்கும், உங்களை ஆசிரியர் இடத்தில் இருத்த வேண்டியிருக்கும். பலர் அதைத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் சொல்லாமல் விடுவதற்கான உரிமையிலிருந்தே நல்ல கதைசொல்லல் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சிறியது. ஒருவரின் பெயரை மறைத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் பிள்ளைகளின் தொகையையும் சொன்னால், யாரைப் பற்றிய கதை என்பது மாலைக்குள் சந்தியில் தெரிந்துவிடும். அதனால் பெயர் நீக்குவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. கதை எங்கே போகும், யார் வாசிப்பார், பின்னர் மனம் மாறினால் மீளப் பெற முடியுமா என்பவற்றை முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். இந்தப் பகுதிக்கு எழுதியவர்களின் பெயர்களை நான் விட்டதும் சில அடையாளங்களைத் தவிர்த்ததும் இதனால்தான். படம் எடுப்பவரிடம் “இந்தப் படம் எந்த அறிக்கையில் வரும்? அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதி எங்களுக்குக் கிடைக்குமா?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெண்கள் தங்கள் குரலில் பேசுவதற்கு இந்த மண்ணிலேயே வேறு முன்மாதிரி இருக்கிறது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் என்ற அமைப்பு, பெண்கள் எழுதிய கவிதைகளைத் திரட்டி ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பாக வெளியிட்டது. எதைச் சொல்வது, எப்படித் தொகுப்பது, எப்போது வெளியிடுவது என்ற தீர்மானங்கள் சொல்பவர்களின் பக்கத்திலேயே இருந்தன. செயலமர்வுகளில் இல்லாதது அந்தத் தீர்மான உரிமைதான்.

அடுத்த முறை கூப்பிட்டால், உங்கள் கதைக்குப் பதிலாகச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. முகாமைத்துவ வகுப்பில் ஆராய அதைவிட வளமான கதைநூல் கிடையாது. “சுழற்சிக் கடன் மீளச் செலுத்தும் காலத்தை நீடிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது” என்று ஒரு வரி. முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார். அந்த வரிக்கு முந்திய கிழமை யார் யார் வீட்டுக்குப் போனார்கள், கடன் கட்ட முடியாமல் வெட்கத்தில் கூட்டத்துக்கு வராமலிருந்தவரை யார் கூட்டிவந்தார், யார் எதிர்த்தார், அந்த எதிர்ப்பில் இருந்த நியாயம் என்ன, அது ஏன் பதியப்படவில்லை? ஒவ்வொரு வரியின் அருகிலும் இவற்றை நீங்கள் வாய்மொழியாகச் சொல்ல, மாணவர்கள் எழுதட்டும். கதை உங்களுடையது, குறிப்பெடுப்பது அவர்களுடைய வேலை.

குழுப் பிணையில் கொடுக்கப்பட்ட நுண்கடன்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பெண்களை நெருக்கடிக்குள் தள்ளின என்பது நீங்கள் அறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண் கடனாளிகளுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில், நேற்றுவரை தோழியாக இருந்தவளின் படலையில் போய் நிற்க வேண்டியவள் யார்? நிற்கமாட்டேன் என்று சொன்னவள் யார்? அதற்குப் பின் அந்தக் குழு எப்படிப் பிழைத்தது? நம்பிக்கை, பொறுப்புக்கூறல், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே முற்றத்தில் மோதிக்கொள்ளும் இத்தகைய விடய ஆய்வை வெளிநாட்டுப் பாடநூலில் தேடிக் களைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்பவருக்கு விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவும் மரியாதையும் கொடுக்கப்பட வேண்டும். போக்குவரத்துச் செலவையும் ஒரு மதியச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டு அறிவை எடுத்துச்செல்வது சுரண்டல் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: மீள்சிந்தனைக் குறிப்பில், “இந்தப் பயிற்சியால் என்னில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை” என்று நேர்மையாக எழுதினேன். குறைந்த புள்ளிதான் கிடைத்தது. மாறியதாக எழுதிய தோழிக்குக் கூடுதலாகக் கிடைத்தது. இது நியாயமா?
– முகாமைத்துவபீட மாணவி, திருநெல்வேலி

பதில்: ஏன் மாறவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதியும் புள்ளி குறைந்திருந்தால் நியாயமில்லை. ஒரு வசனத்தோடு நிறுத்தியிருந்தால் நியாயமே. மனமாற்றத்தைப் பரீட்சைக்குரிய பொருளாக்கினால் மாணவர்கள் அதைச் செய்து கொடுப்பார்கள். அதனால்தான் முதற்பதிலில் புள்ளியை மனத்துக்கு இடாமல் இரண்டாம் எழுத்துக்கு இடச் சொன்னேன். அந்தப் பதிலை உங்கள் விரிவுரையாளருக்கும் காட்டுங்கள்.

கேள்வி: பாடசாலை அதிபர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சியில், நமது மக்களுக்கு நன்கு தெரிந்த கண்ணகியின் கதையைப் பயன்படுத்தலாமா? அல்லது அது கற்பைப் போற்றும் பழைய கதை என்று விட்டுவிட வேண்டுமா?
– அதிபர், சாவகச்சேரி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் கற்பில் தொடங்காமல் கட்டளையில் தொடங்குங்கள். பொற்கொல்லன் சொன்னதை விசாரியாமல், சிலம்பு கையில் இருந்தால் கொன்று கொண்டுவருமாறு காவலருக்கு அரசன் வாயால் இட்ட ஆணை, நிருவாகம் பயிலும் எவரும் நின்று பார்க்க வேண்டிய இடம். ஆணையை நிறைவேற்றியவர்களுள் சந்தேகப்பட்டவர் இருந்திருந்தால் அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? அரசவையில் கண்ணகி செய்வது என்ன? தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கப்பரல் என்று சொல்லி, அதை எல்லோர் முன்னும் உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அவளுடைய வெற்றி சாபத்துக்கு முன்னரே, சான்றினால் நிலைநாட்டப்பட்டுவிட்டது. நம் ஊர்களில் வழிபாட்டின் வழியாக அவளை அறிந்தவர்களுக்கு இந்த வழக்காடும் கண்ணகியை மீண்டும் நினைவுபடுத்துவது நல்லது.

அத்தோடு நிறுத்தாமல், அரசனோடு உயிர்விட்ட கோப்பெருந்தேவியின் பக்கத்திலிருந்தும், எரிந்த மதுரையில் இதில் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் பக்கத்திலிருந்தும் அதிபர்கள் ஒரு பக்கம் எழுதட்டும். தலைமையின் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவைக்கு வெளியே இருப்பவர்கள். முறைப்பாடு ஒன்று தம் அலுவலக வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது, எங்கே தடைப்படுகிறது என்ற பேச்சுக்கு அதிபர்கள் அதன்பின் தாங்களாகவே வருவார்கள்.

கேள்வி: பிரதேச சபையொன்றில் பெண்களுக்கான ஒதுக்கீட்டின் வழியாக உறுப்பினரானேன். பெண் உறுப்பினர்களுக்கு மட்டும் தலைமைத்துவப் பயிற்சிகள் தொடர்ந்து நடக்கின்றன. தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். நான் ஏற்கெனவே தன்னம்பிக்கையோடுதான் பேசுகிறேன்; சபையில் யாரும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
– உறுப்பினர், வலிகாமம்

பதில்: கேட்காதவர்களை விட்டுவிட்டுப் பேசுபவருக்குப் பயிற்சி கொடுப்பதிலுள்ள விசித்திரத்தை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்ற ஏற்பாடு 2016இல் சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆசனங்கள் மாறின, சபை நடக்கும் முறை அதற்கேற்ப மாறவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மொஸ் கன்ரர், பெருநிறுவனமொன்றை நீண்டகாலம் ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட முடிவுகள் உங்களுக்குப் பயன்படும். ஒரு குழுவில் ஏறத்தாழ 15 வீதத்துக்குக் குறைவாக இருப்பவர்களை மற்றவர்கள் தனி ஆட்களாகப் பார்ப்பதில்லை, தம் பிரிவினரின் மாதிரிகளாகவே பார்க்கிறார்கள் என்றார் அவர். ஒருவர் தவறினால் “பெண்களே இப்படித்தான்”. ஒருவர் சிறந்தால் “இவர் விதிவிலக்கு”. எண்ணிக்கை அந்த எல்லையைக் கடந்து 35 வீதம் வரை செல்லும்போது, சிறுபான்மையினர் தமக்குள் கூட்டுச் சேர்ந்து குழுவின் போக்கைப் பாதிக்க முடிகிறது என்பதும் அவர் கருத்து. சட்டம் சொல்லும் 25 வீதம் இந்த இரண்டாம் நிலைக்குள் வருகிறது. எண்ணிக்கை இருந்தும் கூட்டு அமையாததற்குக் காரணம், நீங்கள் வெவ்வேறு கட்சிப் பட்டியல்களில் வந்தவர்களாய், கட்சித் தலைமைக்குத் தனித்தனியே பதில் சொல்பவர்களாய் இருப்பதுதான். வீதி விளக்கு, பொதுச்சந்தையில் மலசலகூடம், முன்பள்ளி போன்றவற்றில் கட்சி கடந்து முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் முதல்நாளே பேசிவைத்துக்கொண்டு சபைக்குப் போவதைக் கட்சிகள் தடுப்பது கடினம்.

பயிற்சியை நடத்துபவர்களிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: அடுத்த அமர்வுக்குத் தவிசாளரும் சபையின் செயலாளரும் ஆண் உறுப்பினர்களும் வர வேண்டும். அங்கே உரை நிகழ்த்த வேண்டாம். சென்ற மாதக் கூட்டத்தை ஒவ்வொருவரும் தத்தம் நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதட்டும். யார் எத்தனை தடவை பேசினார், யாருடைய பேச்சு இடைமறிக்கப்பட்டது, ஒரு பெண் சொன்ன யோசனை பின்னர் யாருடைய பெயரில் தீர்மானமானது என்று சபையின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உங்கள் சொந்தக் கதையை அன்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. ஆண் உறுப்பினர்கள் முதலில் வாசிக்கட்டும். அவர்கள் வர மறுத்தால், மறுப்பைக் கடிதமாகப் பெற்று அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.